ஒரே பானையில் சமைத்த சிரிப்பு

முன்னொரு காலத்தில், பாயசத்தைக் கண்டு பயந்த மன்னர் ஒருவர் இருந்தார். கோதண்டவர்மர் என்று பெயர். போர்க்களத்தில் மதயானைக்கு எதிரே அசையாமல் நின்றவர், வெள்ளிக் கிண்ணத்தில் பாயசம் வந்தால் மட்டும் ஆசனத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பாட்டனாருக்கு மெல்லக் கொல்லும் நஞ்சைப் பாயசத்தில் கலந்து கொடுத்திருந்தார்கள். வழக்கப்படி சமையற்காரன் முதலில் ஒரு வாய் உண்டு காட்டினான். ஒரு வாய் அவனை ஒன்றும் செய்யவில்லை. பாட்டனாரோ மழைக்காலம் முழுவதும் தினம் ஒரு கிண்ணம் உண்டார். கார்த்திகை முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே கோதண்டவர்மர் அரியணை ஏறியதும் இப்படி ஒரு கட்டளை போட்டார்: "ருசி பார்ப்பது போதாது. உண்பவர் எவ்வளவு உண்பாரோ அவ்வளவையும், எத்தனை வேளை உண்பாரோ அத்தனை வேளையும், சமைத்தவரும் அதே பானையிலிருந்து உண்ண வேண்டும்." அன்றிலிருந்து அந்த அரண்மனையின் சமையற்காரர்கள் எல்லாரும் மன்னரைப் போலவே பருத்துப் போனார்கள்.

அந்த அரண்மனையில் இத்ரீஸ் என்றொரு குதிரை வைத்தியர் இருந்தார். கடலுக்கு அப்பாலிருந்து குதிரைக் கப்பலில் வந்தவர். மழையில் நனைந்த பாறையின் கறுப்பு. சுருள் சுருளான முடி. ஊர்மொழியை மெல்லப் பேசுவார், ஒரு சொல்லைக்கூடச் சிந்தாமல்.

அவர் வந்ததில் பண்டார அதிகாரி சீராளருக்கு வயிற்றெரிச்சல். அந்த வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தருவதாக அவர் சொல்லி வைத்திருந்தார். இத்ரீஸின் வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால், அவருடைய நிறத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அரசே, நேற்று இருட்டியதும் லாயத்துக்குப் போனேன். வைத்தியரைக் காணவில்லை. 'கொஞ்சம் பல்லைக் காட்டப்பா' என்றேன். அப்புறம்தான் ஆள் நிற்பதே தெரிந்தது."

சபை சிரித்தது. மன்னரும் சிரித்தார். சிரித்தவர்களில் பாதிப் பேர் நிறத்தில் இத்ரீஸுக்கு வெகுதூரத்தில் இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். இத்ரீஸும் சிரித்தார். மறுநாளும் அதே கதை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. பிறகு அதைச் சொல்ல அதிகாரி வேண்டியதில்லை. வாயிற்காவலர்களே "பல்லு, பல்லு" என்று சொல்லி அவரை உள்ளே விட்டார்கள்.

ஒரு காலையில் இத்ரீஸ் சபையில் வந்து வணங்கினார். "காற்றுத் திரும்பியதும் கப்பல் புறப்படுகிறது. அதில் என் ஊருக்குப் போக அனுமதி வேண்டும், அரசே."

"ஏன்? என்ன குறை?"

"குறை ஒன்றுமில்லை. இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை."

சபை விகடனான வெண்காடன் தூணருகே நின்றிருந்தான். "அரசே, ஐந்து வருடமாக ஒத்துக்கொண்ட தண்ணீர் அது. ஒத்துக்கொள்ளாதது இங்கே கேட்கும் சிரிப்பு" என்றான்.

சீராளர் கையை விரித்தார். "விளையாட்டுக்குச் சொன்னதற்கெல்லாம் ஒருவர் ஊரை விட்டுப் போவாரா? அவரும்தானே சிரித்தார்? சிரிக்கவே கூடாது என்றால் சொல்லிவிடுங்கள், அரசே. நாளை முதல் சபையில் எல்லாரும் உம்மென்று உட்கார்ந்திருப்போம்."

மன்னர் முகம் வாடிப்போனது. சாப்பாட்டைப் பயந்து பயந்து உண்பவருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சுகம் சிரிப்புதான்.

இதுதான் சமயம் என்று சீராளர் குனிந்தார். "வெண்காடன் கெட்டிக்காரன். அவனிடமே விட்டுவிடலாமே."

"சரி" என்றார் மன்னர். "வெண்காடா, எந்த வேடிக்கைப் பேச்சையும் நான் தடுக்க மாட்டேன். என் சபையில் சிரிப்பு ஒரு துளியும் குறையக் கூடாது. இத்ரீஸும் போகக் கூடாது. கப்பல் புறப்படுவதற்குள் இதைச் செய்து காட்டு. முடியாவிட்டால் அதே கப்பலில் நீயும் ஏறிவிடு."

வெண்காடன் நேரே லாயத்துக்குப் போனான். இத்ரீஸ் ஒரு குதிரையின் குளம்பை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களும் சிரிச்சீங்களே. ஏன்?"

"முதல் தடவை, எதுக்கு சிரிக்கிறாங்கன்னு புரியாம சிரிச்சேன். ரெண்டாவது தடவை, சிரிக்கலைன்னா முசுடுன்னு சொல்லுவாங்களேன்னு சிரிச்சேன்." குளம்பை மெல்லக் கீழே வைத்தார். "அப்புறம் முகம் தானாவே சிரிக்கப் பழகிடுச்சு, தம்பி. போன வாரம் என் மக தடுக்கி விழுந்து அழுதுக்கிட்டே ஓடி வந்தா. என் முகம் சிரிக்குது. 'ஏன் வாப்பா சிரிக்கிறீங்க'ன்னு கேட்டா. அன்னைக்குத்தான் கப்பல்காரன்கிட்ட பேசினேன்."

 வெண்காடன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் சபையில் அவன் ஒரே ஒரு வரம் கேட்டான். "அரசே, தங்கள் வாய்க்குள் போகும் உணவுக்கு ஒரு விதி இருக்கிறது. காதுக்குள் போகும் பேச்சுக்கும் அதே விதியை வைக்க வேண்டும். வேறு எதையும் தடுக்க வேண்டாம்."

மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சீராளர் சிரித்துக்கொண்டே எழுந்து, பல்லைக் காட்டும் கதையை மறுபடியும் சொன்னார்.

"அருமையான பதார்த்தம்" என்றான் வெண்காடன். "சமைத்தவர் முதலில் உண்ண வேண்டும், ஐயா. இத்ரீஸ் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்."

சபை சீராளரையே பார்த்தது. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. கெட்டிக்காரர் அல்லவா? "இதென்ன பிரமாதம்? நேற்று இருட்டில் சீராளரைக் காணவில்லை. 'கொஞ்சம் பல்லைக் காட்டப்பா' என்றார்கள். அப்புறம்தான் ஆள் நிற்பதே தெரிந்தது." ஈயென்று பல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். "உண்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே."

சபை கைதட்டியது. வெண்காடன் தோற்றான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். இத்ரீஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு வாய் உண்டீர்கள்" என்றான் வெண்காடன். "பாட்டனாரின் சமையற்காரனும் ஒரு வாய்தான் உண்டான். அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை."

மன்னர் ஆசனத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"உண்பவர் எத்தனை வேளை உண்பாரோ அத்தனை வேளையும் என்பதல்லவா விதி? இத்ரீஸ் இதை வாயிலில் உண்கிறார், கிணற்றடியில் உண்கிறார், கடைத்தெருவில் உண்கிறார். கப்பல் புறப்படும் வரை பண்டார அதிகாரியும் அதே பானையிலிருந்து உண்ணட்டும்."

"உண்ணட்டும்" என்றார் மன்னர். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

அன்று பிற்பகலுக்குள் கட்டளை ஊரெங்கும் பரவிவிட்டது. சீராளர் பண்டாரத்துக்குப் போனார். வாயிற்காவலன் நல்ல வெயிலில் தீவட்டியைத் தூக்கிப் பிடித்தான். "ஐயா, கொஞ்சம் பல்லக் காட்டுங்க. வர்றது யாருன்னு தெரியணுமில்ல?" சீராளர் வாய்விட்டுச் சிரித்தார். கணக்கர்கள் எழுந்து நின்று பல்லைக் கேட்டார்கள். அதற்கும் சிரித்தார்.

மறுநாள் காய்கறிக்காரி கேட்டாள். பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார். அதற்கடுத்த நாள் காவலனிடம், "போதும்டா, வழியை விடு" என்றார்.

"என்னங்கய்யா, விளையாட்டுக்குத்தானே?" காவலன் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "நேத்துக்கூடச் சிரிச்சீங்களே."

 சீராளர் சொல்லிப் பழகிய பதிலை அவன் எடுத்துக்கொண்டுவிட்டான்.

பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினார். அங்கே குதிரைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்த வருங்காலச் சம்பந்தி, தாம்பூலத்தைக் கையில் வாங்கும்போதே, "எங்கே, ஒருமுறை பல்லைக் காட்டுங்கள்" என்றார். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

காற்றுத் திரும்பிய காலையில் சீராளர் சபைக்கு வந்தார். வாயை மேல்துண்டால் பொத்தியிருந்தார். "அரசே, இந்தப் பானையை இறக்கச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை."

"உடம்புக்கு என்ன?" என்று மன்னர் கேட்டார்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. வீதியில் யாராவது எதிரே வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் மூடிக்கொள்கிறேன்."

 மன்னர் சீராளரைத் தாண்டி இத்ரீஸைப் பார்த்தார். "அந்தப் பானையிலிருந்து நானும் பரிமாறினேன், வைத்தியரே. சிரித்துச் சிரித்துப் பரிமாறினேன். இனி அது என் சபையில் அடுப்பேறாது."

இத்ரீஸ் வணங்கினார். அவர் முகம் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய கட்டாயமும் அன்று அதற்கு இல்லை.

 சேனாபதி மெல்லச் செருமினார். "எல்லாம் சரி. ஆனால் சிரிப்பு ஒரு துளியும் குறையக் கூடாது என்பது அரச கட்டளை. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லையே. வெண்காடன் கப்பலேற வேண்டியதுதான்."

எல்லாரும் வெண்காடனைப் பார்த்தார்கள். அவன் இத்ரீஸைப் பார்த்தான்.

இத்ரீஸ் ஓர் அடி முன்னால் வந்தார். "அரசே, ஐந்து வருடமாக என் நிறத்தைப் பற்றித் தங்கள் குதிரைகள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தாங்கள் லாயத்துக்குள் வரும்போது மட்டும், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நொண்ட ஆரம்பிக்கின்றன."

மன்னரின் வயிற்றைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒவ்வொருவரும் பெரும்பாடு பட்டார்கள். சேனாபதி கூரையைப் பார்த்தார்.

"வைத்தியரே" என்றான் வெண்காடன், "விதி விதிதான். சமைத்தவர் முதலில்."

இத்ரீஸ் தம் வயிற்றில் கை வைத்தார். அதுவும் ஒன்றும் சின்ன வயிறு அல்ல. "நான் வந்தால் நொண்டுவதில்லை, அரசே. படுத்து, செத்ததுபோல் கண்ணை மூடிக்கொள்கின்றன."

முதலில் மன்னரின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு கிரீடம் ஒரு காதுப்பக்கம் சரிய, தூணிலிருந்த புறாக்கள் எழுந்து பறக்கும்படி அவர் சிரித்தார். துண்டுக்குப் பின்னாலிருந்து சீராளரும் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அவர் தாமாகச் சிரித்த சிரிப்பு அது.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். கைக்காப்பை இத்ரீஸிடம் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"நன்றாகத்தான் இருந்தது, வைத்தியரே. ஆனால் நாளைக்கும் இதையே சொல்லாதீர்."

"இல்லை, அரசே" என்றார் இத்ரீஸ். "நாளைக்கு வேறு சமைக்கிறேன்."

துறைமுகத்தில் கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டபோது, அதில் ஏற வேண்டிய இருவரும் லாயத்தில் மன்னரின் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.