நீலத்தொண்டையின் பாட்டும் வறண்ட குட்டையும்

புங்கமரக் குளத்தில் ஒரு தவளை இருந்தாள். பெயர் முட்டைக்கண்ணி. எல்லாத் தவளைக்கும் கண் முட்டையாகத்தான் இருக்கும். இவளுக்குக் கோபம் வந்தால் அது இன்னும் கொஞ்சம் வெளியே வரும். அதனால் வைத்த பெயர். இந்தக் கதை முழுக்க அவள் கண் வெளியேதான் இருக்கப்போகிறது.

குளத்தை ஒட்டி ஒரு குட்டை உண்டு. குளத்தில் மீன்கள் அதிகம், முட்டையை விட்டுவைக்காது. அதனால் தாய்த்தவளைகள் எல்லாரும் குட்டையில்தான் முட்டை இடுவார்கள். குளத்திலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும். வாய்க்கால் வாயில் கோரைப்புல் நெருக்கமாக நிற்பதால் மீன் மட்டும் உள்ளே வராது.

போன வருஷத்து வெள்ளத்தில் அந்த வாய்க்காலை மண்ணும் வேரும் அடைத்துக்கொண்டன. அப்போது தலைவராக இருந்தவர் ஓர் ஆமை. "வாய்க்காலைத் தூர் வாரணும்" என்று யாராவது போய் நின்றால், தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். வந்தவர் சலித்துப்போய்த் திரும்பிய பிறகுதான் தலை வெளியே வரும்.

இந்த வருஷம் முதல் மழை பெய்தது. முட்டை பொரிந்து, குட்டை முழுக்க தலைப்பிரட்டைகள் கறுகறுவென்று நீந்தின. அதோடு மழை நின்றுபோனது. கால் முளைத்துக் கரையேற அவற்றுக்கு இன்னும் இருபது நாள் வேண்டும். வெயிலோ கொளுத்தியது.

முட்டைக்கண்ணி ஒரு நாணல் தண்டைக் குட்டையின் நடுவில் ஊன்றி வைத்தாள். தண்ணீர் ஐந்து கணு உயரம் இருந்தது. மறுநாள் நாலரை.

ஆமையை இறக்கிவிட்டுத் தேர்தல் வைத்தார்கள். இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருத்தன் நீலத்தொண்டை. மஞ்சள் உடம்பு, கழுத்தின் இரண்டு பக்கமும் நீலப் பை. அவன் காதல் பாட்டுப் பாடினால் குளமே மயங்கிக் கிடக்கும். 'தாமரை இலைமேல் தனியா இருக்கேன், தாவி வா கண்ணே!' என்ற அவன் பாட்டைப் பாடாமல் அந்தக் குளத்தில் எந்த ஆண்தவளையும் பெண் கேட்டதில்லை. முட்டைக்கண்ணியின் புருஷன் சப்பட்டையும் அதைப் பாடித்தான் அவளைக் கட்டினான். பாதியில் ராகம் தவறியது. பாட்டு நல்ல பாட்டு என்பதால் அவள் மன்னித்துவிட்டாள்.

இன்னொருத்தர் கொடுக்கன் என்ற நண்டு. அவருக்குப் பாடவும் வராது, பேசவும் வராது.

"வாய்க்கால்ல நிறைய மண்ணு கெடக்கு" என்றார் கொடுக்கன். "எல்லாரும் எறங்கினா மூணு நாளு. நான் ஒருத்தன்னா பதினஞ்சு நாளு. அவ்வளவுதான்."

கூட்டம் கொட்டாவி விட்டது.

நீலத்தொண்டை கல்லின்மேல் ஏறினான். "என் உயிரினும் மேலான சொந்தங்களே! மூணே நாள்! வாய்க்காலைத் திறக்காம இந்த நீலத்தொண்டை தூங்கமாட்டான்!" என்று சொல்லிவிட்டு, நீலப் பையை உப்பிக்கொண்டு பாடினான். "தாமரை இலைமேல் தனியா இருக்கேன், தாவி வா சனமே!"

கண்ணே போய் சனமே வந்திருந்தது. கைதட்டு வானத்தைப் பிளந்தது.

அந்தக் குளத்தில் ஓட்டுப் போடும் முறை இதுதான்: யார் குரல் பிடிக்கிறதோ அவர் நிற்கும் கல்லுக்குத் தாவவேண்டும். புருஷனைத் தேர்ந்தெடுக்கவும் தவளைகள் அப்படித்தான் தாவும். தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் அதே தாவல். இரண்டும் வேறு வேறு வேலை என்று அதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முட்டைக்கண்ணி நடுவில் கொஞ்சநேரம் நின்றாள். 'சரி, ஆமை மாதிரி தலையை இழுத்துக்கமாட்டான். இவ்வளவு அன்பாப் பாடுறவன் நம்ம பிள்ளைகளைக் கைவிடுவானா? ஒரு தடவை பார்ப்போம்' என்று நினைத்தாள். நீலத்தொண்டையின் கல்லுக்குத் தாவினாள். கொடுக்கன் பக்கம் ஒரு நத்தை மட்டும் போனது. அதுவும் வழி தவறிப் போனதாகப் பிறகு சொன்னது.

தலைவராகிவிட்டதால் நீலத்தொண்டையை இனிமேல் 'அவர்' என்றுதான் சொல்லவேண்டும்.

முதல் நாள் வெற்றிவிழாக் கச்சேரி. முட்டைக்கண்ணியும் போனாள், ரசித்தாள். முதல் நாள்தானே!

இரண்டாம் நாள் நன்றி சொல்லும் கச்சேரி. மூன்றாம் நாள் ரசிகர்மன்றத்தார் கேட்டுக்கொண்டதால் பழைய பாட்டுகளின் கச்சேரி. தூங்கமாட்டேன் என்ற சொல்லை மட்டும் தலைவர் காப்பாற்றினார். பாடிக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் காலை தண்ணீர் மூன்று கணுவுக்கு வந்துவிட்டது. முட்டைக்கண்ணி நேராகத் தலைவரின் தாமரை இலைக்குப் போனாள்.

"தலைவரே! குட்டை வத்துது. மூணு நாள்னு சொன்னீங்க!"

"தெரியும்மா, தெரியும்!" என்று நீலத்தொண்டை நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "அந்தக் குட்டையை நெனைச்சா எனக்குச் சோறு எறங்கல. இன்னிக்குச் சாயங்காலம் வா. உன் மனக்கொறை தீரும்!"

அவள் நம்பினாள். சாயங்காலம் எல்லாரையும் வேலைக்குக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்து, சேறு தள்ள ஒரு கிளிஞ்சலைக்கூடத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

பொழுது சாய்ந்தது. தலைவர் கல்லின்மேல் ஏறினார். கண்ணை மூடினார். புதுப்பாட்டு!

"குட்டையே என் குட்டையே, உன் கண்ணில் ஏனோ ஈரமில்லை..."

கூட்டம் விம்மியது. தாய்த்தவளைகள் தேம்பினார்கள். அழுத கண்ணீரைக் கொண்டுபோய்க் குட்டையில் விட்டிருந்தாலாவது அரைக் கணு ஏறியிருக்கும்.

"வாய்க்கால் என்னாச்சு?" என்று முட்டைக்கண்ணி கத்தினாள்.

"உஷ்! பாட்டைக் கெடுக்காதே!" என்று நாலு பக்கமும் அதட்டினார்கள்.

பக்கத்தில் சப்பட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கோஷ்டிப் பாட்டுக்காரர்களுக்குத் தலைவன் வேறு.

"என்னமா உருகுறாரு பாருடி! ஆமைக்கு இந்த எரக்கம் உண்டா?"

"யோவ்! உருகினா தண்ணி வருமா? உன் புள்ளைங்க அங்க வெந்துகிட்டிருக்கு!"

"இப்பதானே வந்திருக்காரு. கொஞ்சம் டைம் குடுக்கணும்ல!"

"எனக்கு டைம் இருக்கு. உனக்கு டைம் இருக்கு. குட்டைக்கு இல்லையே!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாடியவர்மேல் ஒரு பங்கு கோபம் என்றால், அழுதவர்கள்மேல் இரண்டு பங்கு. அந்தக் கல்லுக்குத் தாவிய தன் காலின்மேல் அதைவிட அதிகம்.

மறுநாள் விடிந்ததும் அந்தக் கிளிஞ்சலோடு வாய்க்காலுக்குப் போனாள். அங்கே அடைப்புக்கு நடுவில் ஒரு குழி. குழிக்குள் கொடுக்கன்! ஒரு கொடுக்கால் வேரை நறுக்கி, இன்னொரு கொடுக்கால் மண்ணை வழித்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதான் தோத்துட்டீங்களே!"

"தேர்தல்ல தோத்தேன் தாயி. மண்ணு அப்படியேதானே கெடக்கு?"

முட்டைக்கண்ணி கிளிஞ்சலை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

இரண்டு பேரும் ஐந்தாம் நாள் தோண்டினார்கள். ஆறு, ஏழு, எட்டு என்று தோண்டிக்கொண்டே போனார்கள். தவளைக் கால் தாவுவதற்கு ஏற்றது, தோண்டுவதற்கு அல்ல. அவள் விரல் இடுக்கெல்லாம் கிழிந்தது. தினமும் சாயங்காலம் குளத்துப் பக்கமிருந்து பாட்டுக் காற்றில் வந்தது. நல்ல பாட்டு. அதுதான் அவளுக்கு அதிக ஆத்திரம்.

"நீங்க ஒரு பாட்டு கத்துக்கிட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்கண்ணே" என்றாள் ஒருநாள்.

"கத்துக்கிட்டுப் பாடினா தோண்ட நேரமேது?" என்றார் கொடுக்கன்.

ஒன்பதாம் நாள் வெயிலில் குட்டை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு மண்திட்டு எழுந்தது. கிழக்குப் பாதியில் ஒரு கணு தண்ணீர் மிஞ்சியது. மேற்குப் பாதியில் மத்தியானத்துக்குள் சேறுதான் இருந்தது. பிறகு சேறும் வெடித்தது.

முட்டைக்கண்ணி போய்ப் பார்த்தபோது மேற்குப் பக்கத்தில் எதுவும் அசையவில்லை. வெடிப்புக்கு வெடிப்பு சின்னச் சின்ன வால்கள் ஒட்டிக்கிடந்தன. எது தன் பிள்ளை, எது அடுத்தவள் பிள்ளை என்று தெரியவில்லை. காய்ந்துபோனால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அவள் அழவில்லை. ஒரு தாமரை இலையைக் கிழித்தாள். அந்த வெடித்த மண்ணில் ஒரு கட்டியைப் பெயர்த்து இலையில் வைத்தாள். இலையின் ஓரத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டே குளக்கரைக்குப் போனாள்.

கச்சேரி தொடங்கியிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தலைவரின் கல்லுக்கு முன்னால் இலையைப் போட்டாள்.

"இவங்களுக்கும் ஒரு பாட்டுப் பாடுங்க தலைவரே!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

நீலத்தொண்டையும் குனிந்து பார்த்தார். அவர் முகம் வாடியது. கண்ணில் நிஜமாகவே நீர் கோத்துக்கொண்டது. முட்டைக்கண்ணி ஒரு கணம் அவரையே பார்த்தாள். 'இப்போதாவது கல்லைவிட்டு இறங்குவார்' என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது.

அவர் மூச்சை இழுத்தார். நீலப் பை உப்பியது.

"மண்ணில் உறங்கும் கண்மணியே..." என்று சோக ராகத்தில் எடுத்தார்.

முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் பழக்கத்தில் கண்ணை மூடித் தலையாட்டத் தொடங்கினார்கள்!

"நிறுத்துய்யா!"

கத்தியது முட்டைக்கண்ணி இல்லை. சப்பட்டை. கோஷ்டியை விட்டுத் துள்ளி முன்னால் வந்து நின்றான்.

"இதுல எதுடி நம்ம புள்ள?" என்று மனைவியிடம் கேட்டான்.

"தெரியாதுய்யா. இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியாது. போய் நீயே பொறுக்கி எடு!"

ஒவ்வொரு தாயும் அந்த மண்கட்டியைப் பார்த்தாள். 'என் பிள்ளை பத்திரம்' என்று சொல்ல அங்கே ஒருத்தியாலும் முடியவில்லை.

"கெழக்கால பாதி இன்னும் உசுரோட இருக்கு" என்றாள் முட்டைக்கண்ணி. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கும். பாட்டுக் கேக்கிறவங்க கேளுங்க. நான் வாய்க்காலுக்குப் போறேன்!"

அவள் திரும்பி நாலு தாவல் தாவுவதற்குள் பின்னால் தொப் தொப் என்று சத்தம் கேட்டது. மொத்தக் குளமும் வந்துகொண்டிருந்தது.

கொடுக்கன் தலையைத் தூக்கிப் பார்த்தார். வேரை நறுக்கி நறுக்கிப் போட்டார். தவளைகள் வரிசையாக நின்று மண்ணைப் பின்னால் தள்ளின. இரண்டு பேர் ஐந்து நாளாகத் தோண்டிய குழியை முந்நூறு பேர் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் சூரியன் உச்சிக்கு வருமுன் கடைசி வேர் அறுந்தது. தண்ணீர் சலசலவென்று குட்டைக்குள் இறங்கியது. கிழக்குப் பாதித் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு நாலாபக்கமும் சிதறி ஓடின.

முதலிலேயே சேர்ந்து செய்திருந்தால் மொத்தமும் மூன்று நாள் வேலை! அந்த மூன்று நாள் வேலையை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்ததைப் பார்த்துச் சிலர் குதித்தார்கள். முட்டைக்கண்ணி குதிக்கவில்லை. தண்ணீர் மேற்குப் பக்கத்து வெடிப்புகளில் ஏறி அந்தச் சின்ன வால்களை மெல்ல மிதக்கவிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது நீலத்தொண்டை வந்துசேர்ந்தான். இனி 'அவர்' வேண்டாம், போதும். "வந்ததே வந்ததே என் வாய்க்கால்!" என்று திறப்புவிழாப் பாட்டை அவன் எடுக்கப் போக, கொடுக்கன் ஒரு கொடுக்கு நிறையச் சேற்றைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

"பாட்டு அப்புறம். இதைக் கொண்டுபோய் அந்தக் கரையில போடுங்க தம்பி."

ஒருத்தரும் கைதட்டவில்லை. அவன் கொண்டுபோய்ப் போட்டான்.

அந்த வாரமே மறுபடி தேர்தல் வந்தது. முறையை மட்டும் மாற்றினார்கள். நிற்கிறவர் வாயைத் திறக்கக்கூடாது. அதுவரை செய்த வேலையைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்கவேண்டும். கொடுக்கன் வாய்க்காலுக்குப் பக்கத்தில் நின்றார். முட்டைக்கண்ணி முதல் ஆளாகத் தாவினாள். கண் இன்னும் வெளியேதான் இருந்தது.

"அண்ணே, ஓட்டுப் போட்டுட்டேன். அதுக்காக உங்களைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க. தெனமும் காலையில நாணலை எடுத்துக்கிட்டு வருவேன். ஒரு கணு கொறைஞ்சாலும் வந்து நிப்பேன்!"

"வா தாயி, வா" என்று எல்லாரும் தாவி முடித்த பிறகு வாயைத் திறந்தார் கொடுக்கன். "கேக்க ஆள் இல்லைன்னா நானும் ஒருநாள் ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்குவேன்."

இன்றும் அந்தக் குளத்தில் சாயங்காலமானால் நீலத்தொண்டை பாடுகிறான். குரல் குறையவில்லை. தூர் வாரும்போது சப்பட்டை அதே பாட்டை முணுமுணுப்பான், பாதியில் ராகம் தவறும். முட்டைக்கண்ணியும் கேட்பாள். கேட்டபடியே நாணல் தண்டில் கணுவை எண்ணுவாள். குட்டையின் மேற்குப் பக்கம் வந்ததும் எண்ணுவதை நிறுத்திக் கொஞ்சநேரம் சும்மா நிற்பாள்.

காதுக்கு இனிக்கிறது என்பதற்காக ஒருவர் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அவர் செய்தாரா என்று கேட்காமலும் இருந்தால், அந்தத் தப்புக்கு நம் பிள்ளைகள்தான் உயிரைக் கொடுக்கவேண்டி வரும்.