பத்து வருஷக் கோடு

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு ஓட்டுப்பெட்டி. குடியிருக்கும் வார்டில்தான் தேர்தலில் நிற்கவும் முடியும். அதனால் தேர்தல் நெருங்கினால் போதும், தனக்கு ஓட்டுப் போடாத தெருக்களைப் பக்கத்து வார்டில் தள்ளி எல்லையை மாற்றிவிடுவார் சேர்மன் தில்லைநாயகம்.

இந்த முறையும் சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் மாயழகைக் கூப்பிட்டார்.

"போன தடவை என்னைக் கைவிட்ட ஒரு தெருகூட என் வார்டுல இருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள வரைஞ்சு கொண்டா."

"சரிங்கய்யா. ஆனா நாளைக்கு வேற யாராவது அழிச்சுட்டா? பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் எல்லையைத் தொடலாம்னு ஒரு தீர்மானம் போட்டுருங்களேன்."

சேர்மனுக்கு வாயெல்லாம் பல். அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது. வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எல்லைக்கல் நட்டார்கள்.

"டேய், என் வீடே வெளியே நிக்குதேடா!"

"நீங்க சொன்னபடிதாங்கய்யா. உங்க தெருப் பெட்டியில நூத்திப் பன்னெண்டு ஓட்டு. உங்களுக்கு விழுந்தது ஒன்பது."

"கல்லைப் பிடுங்குடா!"

மாயழகு சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கல்லைப் பத்து வருஷத்துக்கு அசைக்க முடியாதுங்கய்யா. அதுக்குள்ள தெருக்காரங்க மனசை வேணா அசைச்சுப் பாருங்க."