பேராச்சி உருவிய நூல்

அந்தக் காலத்தில், பறவைகள் பேசுவது மனிதர்களுக்குப் புரிந்தபோது, யாருடைய தோலும் சுருங்கியதில்லை. கிழவியின் கன்னமும் குமரியின் கன்னமும் ஒன்றுபோல இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தால்தான் வயது தெரியும். எல்லோருக்கும் தோலுக்கு அடியில் வலைபோல நூல் ஓடியது. அது தளர்ந்தால் தையல்சிட்டு தைத்துக் கொடுக்கும்.

தைப்பது சிட்டுக்குப் பெரிய வேலை இல்லை. பஞ்சைத் திரித்து நூலாக்கி, நெல்லிக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, அலகால் கோத்து முடிச்சுப் போட்டுவிடும். மனிதர்களைச் சொன்னபடி நடக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. உச்சிவெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நூல் பொரிந்துபோகும். நெல்லிக்காய் தின்னுங்கள், அந்தச் சாறு உள்ளே போனால்தான் நூல் இறுகும். நன்றாகத் தூங்குங்கள், தூக்கத்தில்தான் தையல் பிடிக்கும். சிட்டு கேட்டது இவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் தொங்கிய கன்னத்தோடு திரும்பி வருவார்கள். ஒருவர் நெல்லிக்காய் புளிக்கிறது என்பார். இன்னொருவர், எருமைத் தயிரைப் பூசிக்கொண்டால் போதாதா என்று கேட்பார். மேலே பூசுவது மேலேதான் கிடக்கும், நூல் உள்ளே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிட்டுக்குத் தொண்டை வறண்டுபோனது.

எல்லோரையும்விட மோசம் பேராச்சி. கடற்கரை உப்பளத்தில் உப்பு வாருகிறவள். தலையில் துணி போட்டுக்கொண்டு போ என்றால், குனியும்போதெல்லாம் அது கண்ணை மறைக்கிறது என்பாள். வெயில் தாழ்ந்த பிறகு போ என்றால், வெயில் இல்லாமல் உப்பு எங்கிருந்து விளையும் என்று திருப்பிக் கேட்பாள். அவள் சொல்வதும் பொய் இல்லை. அதனாலேயே சிட்டுக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

அந்த ஆண்டு ஐப்பசியில் சிட்டு உப்பளத்து ஓரப் பூவரச மரத்தில் கூடு கட்டியிருந்தது. இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு. ஊரார் முகங்களுக்கே பஞ்சு தீர்ந்துபோனதால் கூட்டில் ஆங்காங்கே சில தையல்கள்தான் விழுந்திருந்தன. குஞ்சுகள் பொரித்து, கனம் கூடக் கூட இலை விரிசல்விட ஆரம்பித்தது. அதை இறுக்கித் தைப்பதற்காகச் சிட்டு எப்படியோ ஒரு கண்டு நூல் சேர்த்து வைத்திருந்தது. அன்று காலையில் பேராச்சி வந்து நின்றாள்.

சிட்டு முடியாது என்றது. பேராச்சி நகரவில்லை. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், அக்காள் முகம் இப்படித் தொங்கினால் தங்கைக்கு என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போடுவார்கள் என்று புலம்பினாள். வாதாடி வாதாடிச் சிட்டு அலுத்துப்போனது. கூட்டுக்கு வைத்திருந்த நூல் முழுவதையும் அவள் முகத்தில் தைத்தது. நெற்றியில் தொடங்கி, வாயோரம் இறங்கி, கண்ணோரத்தில் முடிச்சைப் போட்டது. பிறகு, பஞ்சு தேடிக் காயலுக்கு அக்கரை பறந்து போனது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, பார்த்து, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். மதியத்துக்குமேல் வானம் இருண்டது. உப்புக் குவியலை ஓலை போட்டு மூடப் பேராச்சி ஓடினாள். காற்று சுழற்றி அடித்ததில் பூவரச மரம் வளைந்து நிமிர்ந்தது. கூட்டின் தையல் ஒன்று விட்டுப்போய் இலை வாயைப் பிளந்தது. உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள் கத்தின.

பேராச்சி இலையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சிட்டைக் கூப்பிட்டாள். அந்தக் காற்றை எதிர்த்துச் சிட்டால் காயலைத் தாண்ட முடியவில்லை. ஒரு கையை எடுத்துச் சேலையில் இழை உருவிப் பார்த்தாள். உப்பில் ஊறிய சேலை. இழுத்த இழை கையோடு அறுந்து வந்தது. மழை இறங்கிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் இந்த நூல் கூட்டில் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கண்ணோரத்து முடிச்சை நகத்தால் நெம்பினாள். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. கிட்டே நின்ற உடைமரத்தில் முள் ஒன்றை ஒடித்து இலையைத் துளைத்து, அந்த நூலைக் கோத்து இழுத்தாள். போதவில்லை. அடுத்த கண்ணோரத்திலும் உருவினாள். பிறகு நெற்றியில், பிறகு வாயோரத்தில். கூடு இறுகி நின்றது.

மழை விட்டதும் நனைந்த இறகோடு சிட்டு வந்து சேர்ந்தது. முதலில் குஞ்சுகளைப் பார்த்தது. பிறகு தையலைப் பார்த்தது. கோணல்மாணலாக, கொச்சைத் தையல். அதன் பிறகுதான் பேராச்சியின் முகத்தைப் பார்த்தது.

"முடிச்சையா அவுத்த? நடுவுல அறுத்து எடுத்திருந்தா மிச்சமாவது நின்னிருக்குமே. இனி அது பாட்டுக்குத் தளர்ந்துக்கிட்டே போகும்."

"குஞ்சு விழப் போகுது, நான் நடுவையும் ஓரத்தையும் பார்த்துக்கிட்டு நிக்கவா?" என்றாள் பேராச்சி.

சிட்டு கூட்டோரத்தில் உட்கார்ந்து நனைந்த இறகை உதறியது. அப்புறம், குஞ்சுகள் பறந்ததும் கூட்டைப் பிரித்து அந்த நூலையே திரும்பத் தைத்துத் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னது.

"வேண்டாம் சிட்டக்கா. நீ தைக்க, நான் வெயில்ல நிக்க, மறுபடி நீ திட்ட. எனக்கும் அலுத்துப்போச்சு, உனக்கும் அலுத்துப்போச்சு. உன் நூலை உன் கூட்டுக்கே வச்சுக்கோ."

"உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதையாவது காப்பாத்து. தலைய மூடு. நெல்லிக்காய் தின்னு."

"சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே பேராச்சி ஈர முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் வழக்கம்போல ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சிட்டு மரத்தைவிட்டு இறங்கவில்லை. பேராச்சியின் முகத்தைப் போய்ப் பாருங்கள், அந்த நூல் எங்கே போனது என்று கேளுங்கள், அதற்குப் பிறகும் கேட்க மனம் வந்தால் வாருங்கள் என்றது. போனார்கள். பார்த்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

அன்று விட்ட தையல்தான், அதன் பிறகு சிட்டு யாருக்கும் தைக்கவில்லை. இன்றுவரை வயதாக ஆக நம் தோல் முதலில் கண்ணோரத்திலும், பிறகு நெற்றியிலும், பிறகு வாயோரத்திலும் தளர்கிறது. வெயிலுக்குத் தலையை மூடி, நெல்லிக்காய் தின்று, நேரத்துக்குத் தூங்குகிறவர்களுக்கு மட்டும் நூல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. உச்சிவெயிலில் வெறுந்தலையோடு போகிறவர்களைப் பார்த்துத் தையல்சிட்டு வேலியில் உட்கார்ந்து விடாமல் கத்துகிறது. பறவைப் பேச்சு நமக்குப் புரியாமல் போய் வெகுகாலமாகிறது. புரிந்த காலத்தில் மட்டும் கேட்டோமா என்ன?