தண்ணீரை விரட்டியவர்

தங்கப்பழம் பாதி வாழ்நாள் தண்ணீரை விரட்டியவர். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரப்பர் காலணி செய்யும் ஆலையில் கலவை போட்டார். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது என்பதுதான் அங்கே பெருமை.

அந்த ஆலை மூடிய பிறகு ஊருக்கு வெளியே ஒரு சிறிய தொழிற்கூடத்தில் சேர்ந்தார். பல்லுக்கு அளவெடுக்க மருத்துவர்கள் வாங்கும் சிலிகோன் பசையை அங்கே செய்தார்கள். கலவை அறைக்கு எழிலரசி பொறுப்பு. தங்கப்பழத்தைவிட வயதில் மிக இளையவர். கல்லூரியில் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். தங்கப்பழத்துக்கு டீச்சரம்மா.

முதல் நாளே எழிலரசி சொன்னார்: "இங்கே வேலை தலைகீழ், அண்ணாச்சி. இந்தப் பசை தண்ணியைக் கண்டா ஓடக் கூடாது. ஒட்டி உறவாடணும்."

"சிலிகோனுக்கும் தண்ணிக்கும் ஆகாதே, டீச்சரம்மா."

"ஆகாதுதான். ஆனா வாய் நனைஞ்சுதானே இருக்கும்?"

சோப்பு போன்ற ஒரு திரவத்தைப் பசையில் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அதன் ஒரு முனை சிலிகோனைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தங்கப்பழம் பசையைத் தகடாக இறுகவிட்டு, மறுநாள் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். சொட்டு உருண்டு நின்றால் தோல்வி. படர்ந்தால் வெற்றி. பல மாதம் உழைத்து அவர் செய்த கலவையில் சொட்டு அழகாகப் படர்ந்தது.

அந்தச் சமயத்தில் அவர் மனைவி சந்தனக்கனிக்குக் கடைவாய்ப் பல் உடைந்தது. டாக்டர் அமல்ராஜ் அதைச் சீவி, மேலே கேப் என்கிற உறை போட அளவெடுத்தார். பல்லும் ஈறும் சந்திக்கும் ஓரம் அச்சில் விழவில்லை. எச்சில் நின்ற இடமெல்லாம் குழி. கடையில் வாங்கிய பசையிலும் குழி, தங்கப்பழம் கொண்டுபோன பசையிலும் குழி.

"ஓரம் சரியில்லாம கேப் போட்டா உள்ளே சொத்தையாயிடும்" என்றார் டாக்டர். "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம். அப்பவும் விழலேன்னா பல்லை எடுத்துடுவோம்."

அந்தப் பக்கத்தில் சந்தனக்கனிக்கு மிஞ்சியிருந்த கடைவாய்ப் பல் அது ஒன்றுதான். "இதையும் பிடுங்கிட்டா நான் கஞ்சியைத்தான் குடிக்கணும்" என்றார்.

என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று எழிலரசியும் வந்திருந்தார். தங்கப்பழத்துக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"மேசை மேல நல்லாப் படருது, டீச்சரம்மா. இவ வாய்லதான் கோளாறு. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஊறுது. ஏட்டி, ஒரு நிமிஷம் எச்சிலை அடக்கக் கூடாதா?"

"அடக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை உங்க கையில தாரேன்." வாயில் பஞ்சு இருந்ததால் சொற்கள் குழறின. சந்தனக்கனி பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். "எச்சில் என்ன இன்னைக்கா வந்துச்சு? நான் பொறந்ததிலேருந்து அங்கதான் கிடக்கு. உங்க பசைதான் புதுசா உள்ள வருது. வந்தவன் இருந்தவனை எந்திரிச்சுப் போங்கானாம்!"

டாக்டர் சிரித்தார். எழிலரசி சிரிக்கவில்லை. பசையோடு வாயிலிருந்து எடுத்த ட்ரேயில் இருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்கூடத்துக்குத் திரும்பியதும் தங்கப்பழம் கேட்டார்: "இங்கே படருது. அங்கே ஏன் ஒதுங்குது?"

எழிலரசி ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார்.

"பசையைக் கலந்து இது மேல வைங்க."

"தண்ணி மேலயா? பசை இறுகின பிறகுதானே தண்ணி?"

"வைங்க, அண்ணாச்சி."

வைத்தார். எழிலரசி கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். கீழிருந்து பார்த்தால் பசைக்கு அடியில் தண்ணீர் உருண்டையாக அப்படியே நின்றது. பசை அதைச் சுற்றி ஒதுங்கியே இறுகியது. பிரித்தெடுத்தபோது அதே குழி.

தங்கப்பழம் அதை விரல் நுனியால் தடவிப் பார்த்தார்.

"மறுநாள் படருதே!" என்றார்.

"மறுநாள் படரும். நாம சேர்த்த திரவம் ஆற அமரத்தான் மேலே வருது. வாயில அதுக்கு ஏது அவகாசம்? தொட்ட உடனே கை நீட்டணும்."

"அப்போ நாம பார்த்த பார்வையே தப்பா?"

"பசையை முதல்ல உட்கார வச்சிட்டுத் தண்ணியைக் கூப்பிட்டோம். நானும்தான்."

விரைந்து மேலே வரும் வேறு திரவத்தைத் தேடினார்கள். ஒன்று விரைவாக வந்தது, ஆனால் பசை இறுகவில்லை. இன்னொன்றில் பசை நுரைத்தது. கூட்டினார்கள், குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் முதலில், பசை பிறகு. சந்தனக்கனி தற்காலிகக் கேப்போடு மறுபக்கமாகவே மென்றார். "இன்னுமா வேகுது உங்க பசை?" என்று தினமும் விசாரித்தார்.

ஒரு பிற்பகலில் கண்ணாடிக்கு அடியில் அந்த உருண்டை தட்டையானது. பிறகு மெல்லிய படலமாகப் படர்ந்தது. பசை கண்ணாடிவரை இறங்கியது. தங்கப்பழம் கண்ணாடியைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

வாய்க்குக் கேடில்லை என்று சான்று வந்த பிறகு டாக்டரிடம் போனார்கள். சந்தனக்கனி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வழக்கம்போல எச்சில் ஊறியது. இம்முறை தங்கப்பழம் பசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ட்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க வாங்க, அண்ணாச்சி."

அச்சில் ஈறோரமாக நகக்கீறல் போல ஒரு கோடு ஓடியது. பல்லை முழுக்கச் சுற்றி வந்தது. எங்கும் அறுபடவில்லை.

"பல் தப்பிச்சிட்டு" என்றார் டாக்டர்.

தங்கப்பழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. எழிலரசியின் காலைத் தொடக் குனிந்தார். அவர் பதறி விலகினார்.

"என்ன அண்ணாச்சி இது! என் வயசென்ன, உங்க வயசென்ன!"

"வயசு கிடக்கட்டும். தண்ணிதான் முதல்லன்னு உங்களுக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருப்பாங்கல்லா, அவங்க யாரு? எந்த ஊர்ல இருந்தாலும் சரி. நேர்ல போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வாரேன்."

எழிலரசி அறையின் மூலையைக் காட்டினார்.

"அந்தா, வாய் கொப்பளிச்சிட்டு இருக்காங்க."