ஆவணி பன்னிரண்டாம் நாள், ஒன்று விடாமல்

முன்னொரு காலத்தில், வருஷத்தில் ஒரே ஒரு நாளில் மட்டும் போருக்குப் புறப்படும் ராஜவம்சம் ஒன்று இருந்தது. அந்த நாள் ஆவணி பன்னிரண்டு. அரசன் அரிகண்டதேவனின் கொள்ளுப்பாட்டன் அன்றைக்குத்தான் ஒரு மலைக்கோட்டையைப் பிடித்தான். பாட்டன் அதே தேதியில் கடற்கரைச் சிற்றரசனின் கப்பல்களைக் கொளுத்தினான். தகப்பன் அதே தேதியில் வடக்கே ஒரு நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினான். மூன்று வருஷத்துக்கு முன், அதே தேதியில், அரிகண்டதேவன் செந்துறை ஆற்றைக் கடந்து வென்றான் என்று அரண்மனைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். அண்டை நாடுகளெல்லாம் அரைநாள் நடைதான் என்பதால் புறப்பட்ட அன்றே போர் நடந்துவிடும். எப்படியும் அன்று சூரியன் மறைவதற்குள் படை கோட்டை வாசலைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் அந்த வருஷம் போரே கிடையாது. வம்சத்தில் யாரும் இதை மீறியதில்லை.

அந்த ஆடி மாதம் அரசனுக்கு வம்சத்தின் ஐந்தாவது வெற்றி மேல் ஆசை வந்தது. மேற்கே தினை விதைத்துப் பிழைக்கும் மலைநாட்டார் அவனுடைய பிறந்தநாள் விழாவுக்கு வரவில்லை. அதுதான் அவர்கள் செய்த குற்றம்.

சபை கூடியது. ஆஸ்தானப் புலவர் நான்கு வெற்றிகளையும் பாடினார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். விகடகவி பூவாண்டான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இருபது வருஷமாக அரசனைச் சிரிக்க வைத்தவன் அவன். அவனுடைய ஒரே தம்பி வெள்ளையப்பன் செந்துறைக்குப் போனவன், திரும்பவில்லை. வீரசுவர்க்கம் போனான் என்று அரண்மனையிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னதோடு சரி.

"பூவாண்டா, பாட்டு பிடிக்கவில்லையா?" என்றான் அரசன்.

"பாட்டு பிரமாதம், அரசே. ஆனால் நான்கு நாளிலும் சாயங்காலம் என்ன நடந்தது என்பதே அதில் வரவில்லை. புலவர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். தளவாய் மங்கலராயர் சிரிக்கவில்லை. படைக்குத் தலைவரான அவரைப் பூவாண்டான் சபை நடுவே கிண்டல் செய்யாத வாரம் இல்லை. இப்போது எழுந்து கைகூப்பினார்.

"அரசே, சாயங்காலம் நடந்ததெல்லாம் விகடகவிக்குத் தெரியும் போலிருக்கிறது. நான்கு ஆவணி பன்னிரண்டிலும் நடந்ததை அவரே எழுதட்டும். ஒன்று விடாமல் எழுதட்டும். ஒன்று விட்டாலும் அவர் தலை போகட்டும்."

அரசனுக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும். வரும் ஆவணி பன்னிரண்டு விடியலில் படையின் முன்னே நீயே படிக்க வேண்டும், பூவாண்டா. ஒன்று விடாமல் படித்து முடித்த பிறகுதான் முரசு அறைய வேண்டும். முரசு கேட்டபின் படை நகரட்டும்." கையோடு ஊரெங்கும் பறை சாற்றவும் சொல்லிவிட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூவாண்டானுக்கு அதே யோசனை. நான்கு போரில் நடந்தது முழுவதும் யாருக்குத் தெரியும்? நாட்டை விட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். ஓடுவதானாலும் தம்பி செத்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடலாம் என்று செந்துறைக்குப் போனான்.

துறையில் ஒற்றைக் கை ஓடக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பூவாண்டான் தம்பி பேரைச் சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாயங்காலம் எதிராளி திரும்பி வந்துட்டான்யா. ராசா யானை இக்கரைக்கு ஏறிடுச்சு. ஓடத்தையெல்லாம் இழுத்துக் கட்டுங்கடான்னு தளவாயோட ஆளு வந்து கத்துனான். அக்கரையில முந்நூறு பேரு நிக்கிறாங்க, எப்புடிக் கட்டுறதுன்னு கேட்டேன். அதுக்குத்தான் இந்தக் கை போச்சு."

"என் தம்பி?"

"இடுப்பளவு தண்ணிக்கு வந்து நின்னான். நீச்சல் தெரியாதாம். 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிட்டான். என்னத்தான் கூப்புடுறான்னு நெனச்சேன்."

பூவாண்டான் ஓடத்தின் விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு மடியிலிருந்து எழுத்தாணியை எடுத்தான். "அக்கரையில நின்னவங்க பேரு எத்தன தெரியும் ஒனக்கு? ஒண்ணு விடாம சொல்லு" என்றான்.

அங்கிருந்து ஊர் ஊராக நடந்தான். ஓரிடத்தில் ஒரு கிழவி அவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். "எழுதி என்னய்யா பண்ணப் போற?"

"ராசா முன்னாடி படிக்கப் போறேன், ஆத்தா."

"அவரு காதுல விழுமா?"

"விழுற வரைக்கும் படிக்கிறேன்."

அதற்குப் பிறகுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். "எம் புருசன் பெரிய ராசாவோட வடக்க போனாரு. ரெண்டு பயலுவ செந்துறையில. மூணு பேருக்கும் ஒரே நாளுதான்யா. ஒரே படையலா போட்டுடறேன்."

சேதி அவனுக்கு முன்னால் ஓடியது. அவன் போகாத ஊர்க்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். கடற்கரையில் கப்பலோடு எரிந்தவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். இடிந்த நகரத்திலிருந்து இரண்டு பெண்கள் நடந்தே வந்து, பள்ளத்தில் மூடப்பட்டவர்களின் பேரைத் தெருத் தெருவாகச் சொன்னார்கள். மலைக்கோட்டையில் செத்தவர்களை அங்கிருந்த கோயில் கல்வெட்டில் பார்த்து எழுதிக்கொண்டான். மூன்று மாட்டுவண்டி நிறைய ஓலை சேர்ந்தது.

ஆவணி பன்னிரண்டு விடிந்தது. கோட்டைத் திடலில் படை அணிவகுத்து நின்றது. அரசன் யானை மேல் இருந்தான். வண்டிகளைக் கண்டதும் தளவாயின் முகம் மாறியது.

பூவாண்டான் முதல் ஓலையைப் பிரித்தான். பேர், ஊர், எப்படிச் செத்தான் என்று நிதானமாகப் படித்தான். கோட்டை மதிலிலிருந்து விழுந்தவன். கொதித்த எண்ணெய் பட்டவன். காயம் புழுத்து ஒன்பது நாள் கிடந்து செத்தவன். பாரம் இழுத்து வாயில் நுரை தள்ளி விழுந்த மாடுகளையும் விடவில்லை.

தளவாய் பொறுமை இழந்தார். "எதிரியின் பிணங்களை எதற்குப் படிக்கிறீர்?"

"தளவாய் அவர்களே, அரசர் 'நம்மவர்' என்று சொல்லவில்லை. 'ஒன்று விடாமல்' என்றார். ஒன்றை விட்டால் என் தலையல்லவா போகும்?"

யானை மேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. உச்சிவேளைக்குப் பிறகு அதுவும் வரவில்லை. படை வரிசையில் ஆங்காங்கே "அது எங்கப்பா", "எங்க சித்தப்பா" என்று குரல்கள் எழ ஆரம்பித்தன. ஒருவன் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் நின்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

வெயில் சாயும்போது தளவாய் முரசறைபவனிடம் ஓடினார். "போதும், அறையடா!"

முரசறைபவன் கோலைக் கீழே போட்டான். "இப்பத்தான் எங்கண்ணன் பேர வாசிச்சாங்க. முழுசும் முடியட்டுங்க."

அப்போது பூவாண்டான் செந்துறைப் போரின் ஓலைகளுக்கு வந்திருந்தான். ஓடக்காரன் சொன்னதைச் சொன்னபடியே படித்தான். வெள்ளையப்பனின் பேரையும் மற்றப் பேர்களைப் போலவே ஊரோடு படித்தான். குரல் நடுங்காமல் இருக்க ஓலையை இறுகப் பிடித்திருந்ததில் அவன் விரலில் ரத்தம் கசிந்தது.

"ஓடத்தைக் கட்டச் சொன்னது யார்?" என்றான் அரசன்.

தளவாய் மண்டியிட்டார். "தங்கள் உயிரைக் காக்கத்தான், அரசே. எதிரி ஓடத்தில் ஏறி வந்துவிட்டால்..."

"அக்கரையில் ஆள் நின்றதை என்னிடம் சொன்னீரா?"

தளவாய் நெற்றியைத் தரையில் வைத்தார். அரசனும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தானும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

சூரியன் மதிலுக்குப் பின்னே இறங்கியது. பூவாண்டான் நிமிர்ந்து பார்த்தான். "அரசே, இன்னும் ஒரு வண்டி பாக்கி இருக்கிறது."

படை வாசலைத் தாண்டவில்லை. நாளும் போயிற்று. அரிகண்டதேவன் பெரிதாகச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவன் யானையை விட்டு இறங்கி வந்தபோது கண் நனைந்திருந்தது.

"ஒன்று விடாமல் என்று சொன்ன வாய் என்னுடையதுதான். என் சொல்லாலேயே என்னைக் கட்டிப் போட்டுவிட்டாய்." கைவளையைக் கழற்றிப் பூவாண்டானுக்கு இட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

பூவாண்டானுக்குக் குரல் முக்கால்வாசி போய்விட்டது. "தொண்டை கட்டிவிட்டது, அரசே. மிச்சத்தை வேறொருவர் படிக்க வேண்டும். அக்கரையில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்த வண்டியில்தான் இருக்கிறார்கள். தளவாய் படித்தால் பொருத்தமாக இருக்கும்."

"விடிந்ததும் அவரே படிப்பார். ஒருவரும் கலைய வேண்டாம்" என்றான் அரசன்.

மறுநாள் காலை, பட்டுத் தலைப்பாகை இல்லாமல் மங்கலராயர் வண்டியருகே வந்து நின்றார். முதல் ஓலையை எடுத்தார். ஒரு பேரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "கேக்கலீங்க. சத்தமாப் படிங்க."

தளவாய் அரசனைப் பார்த்தார். அரசன் தரையில், படையாட்களோடு உட்கார்ந்து காத்திருந்தான். தளவாய் அந்தப் பேரை மறுபடி, சத்தமாகப் படித்தார்.