கொள்ளிச் சட்டி

முன்பு கூவல்பட்டிப் பாளையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாளையக்காரர் இறந்தால், அவருக்குக் கொள்ளிச் சட்டி தூக்கும் மகனுக்கே தலைப்பாகை. அதனால் கிழவர் பெத்தண்ணர் கண்ணை மூடிய மறுநாள், அரண்மனை முற்றத்தில் உறியில் தொங்கிய ஒரு மண்சட்டிதான் ஊரிலேயே பெரிய ஆளாக இருந்தது.

சட்டி அந்தப் பெருமையைக் கேட்கவில்லை. அதற்குள் வறட்டித் தணல் கனன்றுகொண்டிருந்தது. தணல் நீறாவதற்குள் எஜமானைச் சுடுகாட்டில் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வேலைக்காகத்தான் அதை வனைந்திருந்தார்கள்.

பாடைக்கு வலப்பக்கம் மூத்தவன் வீரமல்லு நின்றான். இடப்பக்கம் இளையவன் திம்மண்ணன். இருவர் இடுப்பிலும் வாள். ஒரே இரும்புக் கட்டியிலிருந்து ஒரே கொல்லன் அடித்துக் கொடுத்த வாள்கள்.

"கிளம்புவோமா? வெயில் ஏறுது" என்றது சட்டி.

"எங்க ஆளு தூக்கட்டும், இப்பவே கிளம்பலாம்" என்றது மூத்தவனின் வாள்.

"அவன் உறியைத் தொட்டுப் பாக்கட்டும். கை இருக்காது" என்றது இளையவனின் வாள். "பெரியவர் காய்ச்சல்ல கிடந்தப்போ என் எஜமான் கையைப் பிடிச்சு, 'எனக்கு நீதாம்ப்பா கொள்ளி வைக்கணும்'னாரு. நான் இடுப்புலதான் இருந்தேன்."

மூத்தவனின் வாள் உறைக்குள் விறைத்தது. "அதையேதான் பொங்கலன்னைக்கு என் எஜமான்கிட்டயும் சொன்னாரு. நானும் இடுப்புலதான் இருந்தேன்."

சட்டிக்குக் கோபம் வந்தது. வாள்கள் மேல் இல்லை, பாடையில் கிடந்தவர் மேல். எந்தப் பிள்ளையின் மனசும் நோகக் கூடாதென்று இரண்டு பேருக்கும் ஒரே வாக்கைக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகப் படுத்துக்கொண்டார் மனுசர்.

"உறிக்கு மூணு கயிறு இருக்கு. ரெண்டு பேருமா சேர்ந்து பிடிக்கச் சொல்லுங்களேன்" என்று வாள்களிடம் கெஞ்சியது சட்டி.

"ஒரு தலைப்பாகையை ரெண்டு தலையில கட்டுவியா?" என்றன இரண்டு வாள்களும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவற்றுக்குள் ஒற்றுமை இருந்தது.

உள்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து தாய் வெங்கம்மாளின் குரல் வந்தது. அந்த வீட்டுப் பெண்கள் திரையைத் தாண்டுவதில்லை.

"எவனாவது ஒருத்தன் தூக்குங்கடா! உங்கப்பா உடம்பு வாடை அடிக்குதுடா!"

வீரமல்லு உறியை நோக்கி ஓர் அடி வைத்தான். அவ்வளவுதான்.

வாள்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்தன. ஊர் ஆட்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருவரும் குறுக்கே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு வாள்களும் தரையில் கிடந்தன. அவற்றைப் பிடித்திருந்தவர்களும் பக்கத்திலேயே கிடந்தார்கள்.

"யாரு ஜெயிச்சது?" என்று சட்டி கேட்டது.

சட்டிக்குள் தணலும் நீறாகிப் போயிருந்தது.

குயவர் அவசர அவசரமாக இன்னும் இரண்டு சட்டிகள் கொண்டுவந்தார். புதுத் தணல் போட்டு, மூன்றையும் தனித்தனி உறியில் கட்டி வரிசையாக வைத்தார்கள்.

"எங்களை யாரு தூக்குவா?" என்று ஒரு புதுச் சட்டி கேட்டது.

திரை விலகியது. வெங்கம்மாள் முற்றத்தில் இறங்கி வந்தாள். மூன்று உறிகளையும் அவளே கையில் எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போகும் வழியில் கிடந்த வாள்களைக் குனிந்து பார்த்தாள்.

"இப்ப மறிக்க யாரும் இல்லையே?" என்றாள்.