ஒத்தைச் செருப்புப் பாட்டு

ஆறுகளுக்கு இன்னும் யாரும் பேர் வைக்காத ரொம்ப ரொம்பப் பழைய காலத்தில், ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே எல்லாருமே எதையாவது சேர்த்து வைப்பார்கள். ராஜா குடை சேர்ப்பார். தையல்காரர் மனைவி உதிர்ந்த பொத்தான் சேர்ப்பாள். எதுக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர் அப்படி.

வருஷத்துக்கு ஒரு நாள் சேர்ப்புத் திருநாள். அன்று அவரவர் சேர்த்ததை வாசலில் பரப்பி வைக்க வேண்டும். ஊரின் பாட்டுக்காரி பிள்ளைகளோடு வீடு வீடாக வந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழந்தைப் பாட்டுக் கட்டுவாள். கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும். எடுத்தது எங்கே? வைத்தது எதுக்கு? கொடுப்பது யாருக்கு? கேட்காமல் பாட்டு இல்லை. அதுதான் வழக்கம்.

அந்த வருஷம் பாட்டுக்காரியாக இருந்தவள் வடிவு. கெட்டிக்காரி. ஆனால் பொறுமை? துளிகூடக் கிடையாது.

திருநாளுக்கு முந்தின நாள், ஆற்றோரம் வலையில் கால் சிக்கித் துடித்த ஒரு நாரையை அவள் அவிழ்த்துவிட்டாள். நாரை வாய் திறந்து பேசியது.

"நல்ல பொண்ணு நீ. இந்தா, என் இறகு. இதால ஒரே ஒரு பாட்டு எழுதலாம். எழுதினா ஊர்ப் பிள்ளைங்க நாக்குல எல்லாம் ஒட்டிக்கும். ஆனா..."

'ஒட்டிக்கும்' என்றதுமே வடிவு இறகைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மறுநாள் பொத்தான் வீடு, குடை வீடு எல்லாம் முடித்துக் கடைசியாகப் படகோட்டி மாசாணத்தின் குடிசைக்கு வந்தார்கள். வாசலில் பரப்பியிருந்தது அத்தனையும் செருப்பு. எல்லாமே ஒத்தைச் செருப்பு. காய்ந்த சேறு, நாற்றம், உச்சி வெயில். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாசாணம் மட்டும் தலைசீவி, வெள்ளை வேட்டி கட்டி, கைகட்டி நின்றிருந்தார். அவர் வாசலுக்குப் பாட்டுக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

வடிவு கேள்வியே கேட்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. நாரை இறகை எடுத்தாள்.

*ஒத்தைச் செருப்பு மாசாணம்*
*ஓட்டைப் படகு மாசாணம்*
*குட்டிச் செருப்பைக் கட்டிலாக்கிக்*
*குறட்டை விடுற மாசாணம்!*

பிள்ளைகள் குதித்தார்கள். ஊரே பாடியது. மாசாணமும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பை வடிவு பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தாள்.

மறுநாள் படகில் ஓட்டை விழுந்தது. மாசாணத்தின் வேட்டி அவருக்குப் பெரிசானது. பிள்ளைகள் பாடப் பாட அவர் சிறுத்தார். இடுப்பளவு ஆனார், முழங்கால் அளவு ஆனார், கடைசியில் ஒரு குட்டிச் செருப்புக்குள் சுருண்டு படுத்தார். பாட்டு சொன்னபடியே நடந்தது. இன்னும் பாடினால் ஆளே இருக்க மாட்டார். பிள்ளைகள் நிறுத்தப் பார்த்தார்கள். நாக்கு நிற்கவில்லை.

வடிவு ஆற்றுக்கு ஓடினாள்.

"பாட்டுல இருக்கிறவங்க பாட்டு மாதிரியே ஆயிடுவாங்க. அதைச் சொல்லத்தான் 'ஆனா'ன்னு ஆரம்பிச்சேன்" என்றது நாரை. "நீ எங்க நின்னே?"

"இன்னொரு இறகு குடு!"

"குடுக்க மாட்டேன். அதைவிட நல்ல பாட்டு ஒண்ணு வந்து அதை நாக்குல இருந்து தள்ளணும். அதை நீயேதான் கட்டணும்."

வடிவு ஒரு புகழ்ச்சிப் பாட்டுக் கட்டினாள். மலை போன்ற மாசாணம், மன்னர் போன்ற மாசாணம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். "இது பொய்யாட்டம் இருக்குக்கா."

ஒரு மன்னிப்புப் பாட்டுக் கட்டினாள். "அழுமூஞ்சிப் பாட்டு" என்றார்கள். "அதுல மாசாணம் மாமாவே இல்லையே. நீதான் இருக்கே."

சுருக்கென்று இருந்தது. நிஜம்தானே?

வேறு வழியில்லாமல் குடிசைக்குப் போனாள். மண்டியிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பின் வாரையே பார்த்தபடி கேட்டாள்.

"எடுத்தது எங்கே மாமா?"

"படகுத்துறைச் சேத்துல" என்றார், கொசு மாதிரிக் குரலில். "பிள்ளைங்க இறங்கும்போது சேறு செருப்பைப் பிடுங்கிக்கும்."

"வெச்சது எதுக்கு?"

"ஒத்தைச் செருப்போட போனா வீட்டுல அடி விழும்ல? தேடி வந்தா குடுக்கலாம்னு."

"குடுக்கறது... யாருக்கு?"

அவர் தான் படுத்திருந்த செருப்பைத் தட்டினார். வாரில் சிவப்பு நூல் தையல். "இது உனக்கு. சின்னப் பிள்ளையில தொலைச்சிட்டு அழுதியே, அக்கரை வரைக்கும் கேட்டுச்சு. அதுக்காகத்தான் முதல்ல சேத்துக்குள்ள கைவிட்டேன். இதைத் தேடப்போய்த்தான் மத்ததெல்லாம் கிடைச்சுது."

வடிவுக்கு முகம் எரிந்தது. "அன்னைக்கு வாசல்ல நின்னேனே, ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே தாயி."

அந்தச் செருப்பை அவரோடு சேர்த்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஊர் நடுவே வந்தாள். நடந்தது அத்தனையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பிறகு பாடினாள்:

*சேத்துக்குள்ளே யார் செருப்பு?*
*சிவப்பு நூலு யார் செருப்பு?*
*தொலைச்சுப்புட்டு அழுத செருப்பு*
*வடிவு, வடிவு, உன் செருப்பு!*

"அக்கா, எனக்கு மஞ்சள் பூப் போட்டது!" என்று ஒரு பயல் கத்தினான். "அடுத்து என் பேரைப் போடு!"

"எனக்கு மணி வெச்சது!"

"என் பேரு! என் பேரு!"

மஞ்சள் பூவு யார் செருப்பு, வெள்ளி மணி யார் செருப்பு என்று பாடிக்கொண்டே பிள்ளைகள் குடிசைக்கு ஓடினார்கள். பழைய பாட்டு ஒவ்வொரு நாக்காக நழுவி விழுந்தது. மாசாணம் முழங்கால் அளவு ஆனார், இடுப்பளவு ஆனார், பழையபடி ஆளானார். படகின் ஓட்டையும் மூடிக்கொண்டது. ராஜா தன் குடைகளிலேயே பெரிய குடையைக் கொண்டுவந்து, வெயில் படாதபடி அந்தப் படகின் மேல் கட்டிவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் வடிவும் தன் வாசலில் ஒன்றை வைப்பாள். அந்தக் குட்டிச் செருப்பு மட்டும். பிள்ளைகள் விட மாட்டார்கள். எடுத்தது எங்கே, வைத்தது எதுக்கு, கொடுப்பது யாருக்கு என்று மூன்றையும் கேட்பார்கள். அவள் மூன்றுக்கும் முழுசாகப் பதில் சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் முகம் எரியும்.

மாசாணம் கோபமே வைத்துக்கொள்ளவில்லை. துடுப்புப் போடும்போது பழைய பாட்டின் மெட்டை மட்டும் அவரே முணுமுணுப்பார். "மெட்டு நல்லாத்தான் இருக்கு தாயி" என்பார். வடிவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அக்கரை வரைக்கும் போவாள்.

படகு அங்கே கரை சேர்ந்தது, கதை இங்கே கரை சேர்ந்தது.